ஆடிக்காற்று இருந்தும் நிலக்கரியை ஏன் விட முடியவில்லை?

பல்லடம், உடுமலைப் பக்கம் இவ்வளவு காற்றாலைகள் இருந்தும் அனல்மின் நிலையங்களை ஏன் மூட முடியவில்லை? நேரம் ஒத்துவராததுதான் காரணம்.

மின்சாரத்தை உண்டாக்கிய நொடியிலேயே செலவழித்தாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் காற்று சீறி வரும். தை, மாசியில் பல நாள் இறக்கை அசையாது. சூரியத் தகடு மாலை 6 மணிக்கு ஓய்ந்துவிடும், வீட்டில் விளக்கு போடுவதோ அப்புறம்தான். ஆகவே கரியைக் குறைக்கும் நீண்டகாலத் திட்டத்தில், மிஞ்சியதை எங்கே சேர்த்து வைப்பது என்பதே பெரிய கேள்வி.

தோட்டத்தில் என்ன செய்கிறோம்? மும்முனைக் கரண்ட் வரும்போது மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்புகிறோம். கரண்ட் போனபின் வாய்க்காலில் திறந்துவிடுகிறோம். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் செய்வதும் இதுதான். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறு அணைத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவை கூடும்போது அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் வரை தரும். இதற்குப் பெயர் நீரேற்று மின்நிலையம். மலையைக் குடைந்து 1980களிலேயே கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமை. 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளிவிடும் புவிவெப்ப வாயுக்களும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை, என்று நாடு அறிவித்திருக்கிறது. அதற்கு இப்படிப் பல தொட்டிகள் வேண்டும்.

நீரேற்று நிலையம் புது மின்சாரம் தயாரிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஏற்றச் செலவானதில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் திரும்பக் கிடைக்கும்.