மூட்டை கட்டி முடிக்காத வீட்டுக்கு உதவப் போகிறீர்களா? கேள்வி பதில்

சென்னையில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் ‘குட்டி யானை’ என்கிற சின்ன லோடு வண்டி வைத்து வீடு மாற்றிக் கொடுக்கிறேன். சொந்தக்காரர் வீடு மாறுகிறார், போய் நின்றால் பாதி சாமான்கூட கட்டவில்லை, என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: ஞாயிறு காலை 8 மணிக்குச் சித்தி வீட்டுக்கு வண்டி வருகிறது. நேற்று போய்ப் பார்த்தேன், அடுக்களையில் ஒரு டப்பாகூட இறங்கவில்லை, பரண் அப்படியே இருக்கிறது. எதிலிருந்து தொடங்க?

ப: அடுக்களையிலிருந்து வேண்டாம். எல்லாரும் நேராக அங்கேதான் போவார்கள், நாலு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒரு மணி நேரம் போயிருக்கும், மூன்று பெட்டிதான் நிறைந்திருக்கும்.

முதல் வேலை ஒரு பை. நகை, வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், மாத்திரை, சார்ஜர், ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி. இதைச் சித்தியே எடுத்து வைக்கட்டும், வண்டியில் ஏற்றாமல் அவர் கையிலேயே வரட்டும். பீரோ லாக்கரையும் அவரைத் தவிர யாரும் திறக்க வேண்டாம். பிறகு ஏதாவது ஒன்று காணோம் என்றால் உறவே கெட்டுப்போகும், அது வெறுமனே எங்கோ மாறி வைத்ததாக இருந்தாலும்.

அடுத்தது பீரோ. துணியை மடிக்க உட்காராதீர்கள். கட்டிலில் ஒரு பெட்ஷீட்டை விரித்து அடுக்கை அடுக்காகவே தூக்கி வைத்து நாலு முனையையும் முடிச்சுப் போடுங்கள், பத்து நிமிடத்தில் பீரோ காலி. இப்போது லோடு ஆட்களுக்குப் பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், மெத்தை என்று ஏற்றுவதற்கு வேலை இருக்கிறது. கனமான சாமான் எப்படியும் முதலில்தான் ஏற வேண்டும். அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைத்த நேரம், அதில்தான் அடுக்களை. அதுவும் இரண்டு பேர் போதும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஒருவர் கட்ட. தொட்டியில் கழுவாத பாத்திரம் கிடந்தால் தேய்க்க நிற்காதீர்கள், ஒரு பக்கெட்டில் போட்டு மூடி அப்படியே எடுத்துப் போங்கள்.

கே: அட்டைப்பெட்டி தீர்ந்துவிட்டால்?

ப: வீட்டிலேயே பெட்டி இருக்கிறது. அரிசி டிரம், சூட்கேஸ், பெரிய அண்டா, குக்கர், பக்கெட், கூடை, எல்லாவற்றுக்குள்ளும் சாமான் போகும். புடவையையும் துண்டையும் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சுற்றுங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வைத்தால் குலுங்கினாலும் உடையாது. புத்தகம் மட்டும் சின்னப் பெட்டியில், இல்லையென்றால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். எண்ணெய், நெய், ஊறுகாய் ஜாடிக்கு மூடியின்கீழ் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துத் திருகி, நிமிர்த்தித் தனிப் பக்கெட்டில் வையுங்கள்.

கே: அத்தைக்கு 68 வயது. ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், எதையும் தூக்கிப்போட விடமாட்டேன் என்கிறார். எப்படிச் சமாளிக்க?

ப: விடமாட்டேன் என்கிறார் இல்லையா, விடுங்கள். வீடு மாறும் நாளில் எதையும் கழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவசரத்தில் எடுக்கிற முடிவு தப்பாகப் போகும்.

மாம்பலத்தில் ஒரு வீடு. பரணிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை இறக்கினோம், அடி நசுங்கி, பச்சை பூத்து இருந்தது. அந்த வீட்டுப் பையன் அதைப் பழைய சாமான் கடைக்குப் போகிற குவியலில் வைத்துவிட்டான். எடையைப் பார்க்க நான் தூக்கியபோது உள்ளே ஏதோ உரசியது. கையை விட்டால் ஒரு துணிச்சுருள், அதற்குள் குழந்தைக் கொலுசு ஒரு ஜோடி, வெள்ளி கறுத்து, ஒன்றில் முத்து உதிர்ந்திருந்தது. அந்தப் பாட்டி வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார், பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

அதனால் பரண் சாமானைச் சாக்கில் கட்டி, மேலே மார்க்கரில் ‘பரண்’ என்று எழுதி அப்படியே புது வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ஒரு மாதம் கழித்து அத்தையோடு உட்கார்ந்து பிரிக்கலாம். இன்று அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சாமி படம், விளக்கு, பூஜைச் சாமானை அவர் ஒருவரே கட்டட்டும். அவர் கட்டினால்தான் அவருக்கும் நிம்மதி.

கே: திங்கட்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் புது வீட்டுக்குள் போக வேண்டும் என்கிறார்கள். சாமான் 11 மணிக்குக்கூட ஏறாது போலிருக்கிறது.

ப: திங்கள் ராகு காலம் 7.30 முதல் 9 வரை. நல்ல நேரத்துக்குள் போக வேண்டியது பீரோ இல்லையே. சாமி படம், விளக்கு, ஒரு குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, பால், ஒரு பாத்திரம், அடுப்பு. ஒரு ஆட்டோவில் 6 மணிக்கே பெரியவர்கள் போய் விளக்கேற்றிப் பால் காய்ச்சிவிடட்டும். சாமான் எப்போது வந்தாலும் யாருக்கும் மனக்குறை இருக்காது, இங்கே மூட்டை கட்டுகிறவர்களுக்கும் பதற்றம் இருக்காது.

கே: ஃபிரிட்ஜ், கேஸ் சிலிண்டர்?

ப: ஃபிரிட்ஜை முந்தின இரவே அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லையா, காலையில் போனதும் அணைத்துக் கதவைத் திறந்து வையுங்கள், கடைசியாக ஏற்றலாம். நிமிர்த்தியேதான் கொண்டுபோக வேண்டும், இறக்கியபின் மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் போடுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும், அப்படி வந்திருந்தால் ஒரு நாள் பொறுக்க வேண்டும். சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, நிமிர்த்திக் கட்டுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியும் அப்படியே, சாய்ந்தால் ஆசிட் கொட்டும். கிரைண்டரில் குழவியை எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள், உள்ளேயே விட்டால் டிரம்மை உடைத்துவிடும்.

கே: வண்டிக்காரர் வந்து காத்திருந்தால் சண்டை வருமே?

ப: வந்ததும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், “அண்ணா, இன்னும் கட்டி முடியவில்லை, இரண்டு நடை ஆகும்.” காத்திருக்கும் கூலி எவ்வளவு, இரண்டாவது நடை எவ்வளவு, ஏற்று இறக்குக் கூலி தனியா, எத்தனையாவது மாடி, எல்லாம் அப்போதே பேசிவிடுங்கள். பாதி ஏற்றியபிறகு சொன்னால்தான் எங்களுக்குக் கோபம் வரும். தையிலும் ஆவணியிலும் அடுத்த வீட்டுக்கு நேரம் சொல்லியிருப்போம். ஆடியும் மார்கழியும் யாரும் வீடு மாறுவதில்லை, அதையெல்லாம் சேர்த்துத் தையிலும் ஆவணியிலும்தான் வருவார்கள்.

கே: மச்சான் காலையிலிருந்து அக்காவைத் திட்டிக்கொண்டே இருக்கிறார், ஒரு மாசமா என்ன செஞ்சேன்னு. நடுவில் நான் என்ன பேச?

ப: அக்காவும் வேலைக்குப் போய், பிள்ளைகளையும் பார்த்து, தினம் சமைக்கிற பாத்திரத்தை முன்கூட்டியே எப்படிக் கட்டுவார்? இதை அன்றைக்குச் சொல்லாதீர்கள், சண்டைதான் பெரிதாகும். மச்சானிடம் துடைப்பத்தைக் கொடுத்துப் புது வீட்டுக்கு அனுப்புங்கள். தண்ணீர் வருகிறதா, கட்டில் மாடிப்படியில் திரும்புமா, ஃபிரிட்ஜுக்குப் பிளக் எங்கே என்று பார்க்க ஒரு ஆள் கண்டிப்பாக வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் இங்கே பாதி காலியாகியிருக்கும், கோபமும்தான்.

கே: அடுத்த மாதம் அப்பா அம்மா வீடு மாறுகிறார்கள். முன்னாலேயே என்ன செய்யலாம்?

ப: “நாங்க பாத்துக்கறோம்” என்பார்கள், நம்பாதீர்கள். முந்தின ஞாயிறு போய்ப் பரணை மட்டும் இறக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த வயதில் அவர்கள் ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. மாறுவதற்கு முந்தின இரவு அங்கேயே தங்குங்கள், போகும்போது டேப்பும் கத்தரிக்கோலும் மார்க்கரும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் சேர்த்து. அம்மா அன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்காமல் இருந்தாலே அடுக்களை பாதி கட்டியாகிவிடும்.