ஏ4 என்று எழுதினால் எந்த ஏ4? – கேள்வி பதில்

ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த குறியீடுகளில் ஏ4 அளவுக்குப் பல துறைகள் பங்கு போட்டுக்கொண்டது வேறு இருக்குமா என்பது ஐயமே. தாள், இசை, போல்ட், ஏவுகணை, கணிதம் எனப் பல திசைகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: அச்சுத் தொழிலில் இருக்கிறேன். ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர் என்று 200 × 300 போன்ற சீரான எண்களாக இல்லாமல் அமைந்தது ஏன்? அந்த 4 எதைக் குறிக்கிறது?

ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள ஏ0 தாளை நான்கு முறை பாதியாக்கினால் கிடைப்பது ஏ4. அந்த 4 மடிப்புகளின் எண்ணிக்கையைத் தவிர வேறெதையும் குறிப்பதில்லை. எத்தனை முறை பாதியாக்கினாலும் தாளின் வடிவம் மாறாதிருக்க வேண்டுமானால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக, அதாவது ஏறத்தாழ 1.414 ஆக, இருந்தே தீர வேண்டும். இந்த விகிதத்தின் சிறப்பை ஜெர்மானிய அறிவியலாளர் லிக்டன்பெர்க் 1786-ஆம் ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். வால்டர் போர்ஸ்ட்மன் உருவாக்கிய முறை 1922-இல் ஜெர்மனியின் தரமாகி, 1975-இல் ஐ.எஸ்.ஓ. 216 என்ற பன்னாட்டுத் தரமாக உயர்ந்தது. சதுர மீட்டரையும் 1.414-ஐயும் ஒருங்கே காப்பாற்ற முயன்றதால்தான் ஏ0 தாள் 841 × 1189 என்றும், ஏ4 தாள் 210 × 297 என்றும் அமைந்தன.

அளவுகோல் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஒரு ஏ4 தாளின் குறுகிய விளிம்பை நீண்ட விளிம்போடு பொருந்துமாறு மூலையிலிருந்து சாய்வாக மடியுங்கள். அந்த மடிப்புக் கோட்டை இன்னொரு ஏ4 தாளின் நீண்ட விளிம்பின்மேல் வைத்தால் இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஏ4-இலிருந்து ஏ3-க்குப் பெரிதாக்க 141 விழுக்காடு என்றும், திரும்பச் சுருக்க 71 விழுக்காடு என்றும் காட்டுவது இதே விகிதத்தைத்தான். மேலும், பதினாறு ஏ4 தாள்கள் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் என்பதால், சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் ஓர் ஏ4 சரியாக 5 கிராம் இருக்கும். அஞ்சல் உறையின் எடையைத் தராசு இல்லாமல் மதிப்பிட நான் இக்கணக்கையே நம்பியிருக்கிறேன்.

கேள்வி: சுருதி சேர்க்கும் செயலியில் ஏ4 = 440 என்று வருகிறது. என் கீபோர்டின் கையேடோ அதே கட்டையை ஏ3 என்கிறது. எது பிழை?

இரண்டும் பிழையல்ல. ஏ என்பது சுரத்தின் பெயர். 4 என்பது அது எந்த எண்மத்தில் (ஸ்தாயியில்) உள்ளது என்பதைக் காட்டும் எண். பரவலான முறையில் பியானோவின் நடு சி, சி4 ஆகும். அதற்கு மேலுள்ள ஏ நொடிக்கு 440 அதிர்வு கொண்டது. ஆனால் யமஹா போன்ற சில தயாரிப்பாளர்கள் நடு சி-யை சி3 என்று எண்ணுவதால் எல்லாமே ஓர் எண் கீழிறங்குகின்றன. அதிர்வெண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 440 என்றிருந்தால் கவலையே வேண்டாம். தாளில் எண் ஒன்று கூடினால் பரப்பு பாதியாகும். இசையிலோ எண் ஒன்று கூடினால் அதிர்வு இரட்டிப்பாகி ஏ5-க்கு 880 ஆகும்.

கேள்வி: கடலோரக் கட்டுமானத்துக்கு ஏ4 போல்ட் கேட்டேன், ஏ2-70 என்று பொறித்தவை வந்துள்ளன. வலிமை குறைந்தவை என்பதால் திருப்பி அனுப்பலாமா?

திருப்பி அனுப்புங்கள், ஆனால் காரணம் வலிமையன்று. இங்கே ஏ என்பது ஆஸ்டெனைட் எனும் படிக அமைப்புடைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குறிக்கிறது. முதல் தரம் என்று பொருளன்று. அடுத்துள்ள எண் உலோகக் கலவையின் பிரிவு. ஏ2 என்பது சந்தையில் 304 எனப்படும் எஃகுக்கும், ஏ4 என்பது மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316-க்கும் ஏறத்தாழ இணையானவை. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு எஃகின் மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகளாக அரிப்பதை மாலிப்டினம் பெருமளவு தடுக்கிறது என்பதால்தான் கடலோரத்தில் ஏ4 கேட்கப்படுகிறது.

வலிமையைச் சொல்வது இடைக்கோட்டுக்குப் பின் வரும் எண். அதைப் பத்தால் பெருக்கினால் குறைந்தபட்ச இழுவிசை வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும்: 70 என்றால் 700, 80 என்றால் 800. எனவே ஏ2-70, ஏ4-70 இரண்டும் வலிமையில் சமம். வேறுபாடு அரிப்பைத் தாங்குவதில்தான். காந்தத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிய முயல வேண்டாம், இரண்டுமே காந்தத்தில் சரிவர ஒட்டுவதில்லை. போல்ட்டின் தலையிலுள்ள பொறிப்பைப் படிப்பதே சரியான வழி.

கேள்வி: இரண்டாம் உலகப் போரின் வி-2 ஏவுகணைக்கு ஏ4 என்ற பெயரும் உண்டாமே? அமெரிக்கப் போர் விமானம் ஒன்றும் ஏ-4 தானே?

வி-2 என்பது பரப்புரைக்காகப் பிற்பாடு சூட்டிய பெயர்; பொறியாளர்களுக்கு அது அக்ரெகாட் 4, சுருக்கமாக ஏ4. 1942 அக்டோபர் 3 அன்று ஜெர்மனியின் பீனெமுண்டேயில் முதன்முதலாக வெற்றிகரமாகப் பறந்தது. வரிசை எண்ணைக் கால வரிசை என்று கருதிவிடக் கூடாது. ஏ3 தோல்வியுற்றதால் சோதனைக்கென உருவாக்கிய சிறிய ஏ5, ஏ4-க்கு முன்பே பறந்துவிட்டது.

விமானத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1954-இல் முதன்முதலாகப் பறந்த ஸ்கைஹாக் விமானத்தை அமெரிக்கக் கடற்படை ஏ4டி என்று அழைத்தது: ஏ என்றால் தாக்குதல் விமானம், டி என்றால் டக்ளஸ் நிறுவனம், 4 என்றால் அந்நிறுவனத்தின் நான்காவது தாக்குதல் விமானம். 1962-இல் எல்லாப் படைகளுக்கும் பொதுவான பெயரிடும் முறை வந்தபோது அது ஏ-4 ஆயிற்று. எண் மாறவில்லை; ஆனால் அது இப்போது டக்ளஸின் வரிசையில் அல்லாமல் நாட்டின் பொது வரிசையில் நான்காம் இடத்தைக் குறிக்கலாயிற்று.

கேள்வி: மல்லார்ட் என்ற நீராவி இரயில் எஞ்சினும் ஏ4 வகை என்று படித்தேன்.

ஆம். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர், வேகத்தைத் தொட்ட எஞ்சின் அது. அதை இயக்கிய பிரிட்டனின் எல்.என்.இ.ஆர். இரயில் நிறுவனத்தின் முறையில் ஏ என்ற எழுத்து 4-6-2 என்ற சக்கர அமைப்புக்கு, அதாவது முன்னே நான்கு, நடுவில் ஆறு இயக்குச் சக்கரங்கள், பின்னே இரண்டு என்ற அமைப்புக்கு, உரியது.

கேள்வி: சதுரங்கத்திலும் எக்செல்லிலும் ஏ4 என்பது ஒன்றுதானா?

முறை ஒன்று, திசை வேறு. இரண்டிலும் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் காட்டுகின்றன. எக்செல்லில் மேலிருந்து கீழாக எண்ண வேண்டும். சதுரங்கத்தில் வெள்ளை ஆட்டக்காரரின் பக்கத்திலிருந்து மேல்நோக்கி எண்ண வேண்டும்.

கேள்வி: கணிதத்தில் ஏ4 என்ற குலம் ஏன் அடிக்கடி எடுத்துக்காட்டாகிறது?

நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டிரண்டாக இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து பெறுபவை) பன்னிரண்டும் சேர்ந்தது அக்குலம். ஒழுங்கு நான்முகியைச் சுழற்றி மீண்டும் அதே தோற்றத்தில் வைக்கும் வழிகளும் அவையே. 12-ஐ 6 வகுத்தாலும் அதில் ஆறு உறுப்புகளைக் கொண்ட உட்குலம் கிடையாது. உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும் என்ற லக்ராஞ்சின் தேற்றத்தைத் தலைகீழாகப் படிக்கும் மாணவருக்கு முதலில் காட்டப்படும் எதிர் எடுத்துக்காட்டு இதுதான்.

கேள்வி: இத்தனை குழப்பம் வராதபடி யாரேனும் ஒழுங்குபடுத்தியிருக்கக் கூடாதா?

இருபத்தாறு எழுத்துகளோடு பத்து இலக்கங்களைச் சேர்த்தால் கிடைப்பவை வெறும் 260 குறியீடுகள். உலகிலுள்ள அத்தனை துறைகளுக்கும் அவை எப்படிப் போதும்? தாளுக்கான ஐ.எஸ்.ஓ. 216, போல்ட்டுக்கான ஐ.எஸ்.ஓ. 3506 இரண்டையும் வெளியிட்ட அமைப்பு ஒன்றே. அப்படியிருந்தும் ஏ4 இருமுறை இடம்பெறுவதைத் தவிர்க்க முடியவில்லை. கொள்முதல் கடிதத்தில் வெறுமனே ஏ4 என்று எழுதாமல் தரத்தின் எண்ணையும் சேர்த்து 'ஐ.எஸ்.ஓ. 3506, ஏ4-80' என்று எழுதுங்கள். இணையத்தில் தேடும்போது துறைச் சொல் ஒன்றை உடன் சேருங்கள், இல்லாவிடில் முதல் பக்கம் முழுவதும் தாள்களே வந்து நிற்கும்.