எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது

வணக்கம்.

உங்கள் சிமுலேட்டர் கட்டுரைகளைப் படித்துவிட்டு எல்லா ‘ரியலிசம்’ அமைப்புகளையும் உச்சத்தில் வைத்தேன். இப்போது விமானத்தைக் கிளப்பவே அரை மணி நேரம் ஆகிறது. தரையிறக்கினால் துள்ளுகிறது. சரக்கு ரயிலோ சரிவில் பிரேக்குக்கு அடங்காமல் ஓடுகிறது. அமைப்புகளைக் குறைத்தால் அது வெறும் விளையாட்டு என்கிறார்கள் நண்பர்கள். குறைக்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

தாராளமாகக் குறையுங்கள். எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். உங்களை யோசித்து முடிவெடுக்க வைப்பது இருக்கட்டும். வரிசையாகப் பொத்தான் அமுக்க மட்டும் வைப்பது போகட்டும்.

ரயிலின் பிரேக் அமைப்பைக் குறைக்காதீர்கள். பிரேக் குழாயில் 5 பார் காற்றழுத்தம் இருந்தால் பிரேக் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அழுத்தம் குறைந்தால்தான் பிடிக்கும்: அரை பார் குறைத்தால் லேசாக, 3.5 பாருக்கு இறக்கினால் முழுதாக. அந்தக் குறைவு கடைசிப் பெட்டிவரை போய்ச்சேரவும் நேரமாகும். நீங்கள் சரிவில் பிடித்து, விட்டு, உடனே மறுபடி பிடித்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள துணைக் காற்றுத்தொட்டி நிரம்புவதற்குள் அடுத்த பிடி வந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பிடிக்கக் காற்று மிஞ்சாது. சரிவு தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்து, லேசான ஒரு பிடியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை எஞ்சினின் டைனமிக் பிரேக்கால் (மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைப்பது) சரிக்கட்டுங்கள். ‘எளிய பிரேக்’ அமைப்பைப் போட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் காணாமல் போய்விடும். சரக்கு ரயில் ஓட்டுவதன் ருசியே அந்தக் கணக்குதான்.

விமானத்தில் எஞ்சின் ஓடும் நிலையிலேயே ஓடுபாதையில் தொடங்குங்கள். பேட்டரியிலிருந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போடுவதை ஒருமுறை கற்றால் போதும், தினமும் வேண்டாம். சிமுலேட்டர் தானாக வரவைக்கும் பழுதுகளையும் அணைத்துவிடலாம்.

தரையிறக்கத்தை எளிதாக்கும் உதவிகளை அணைத்தே வையுங்கள். துள்ளலுக்குப் பெரும்பாலும் வேகமே காரணம். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) முழுதாக இறக்கி 65 நாட்டில் (மணிக்கு 65 கடல் மைல்) கொண்டுவர வேண்டும். 75-ல் வந்தால் ஓடுபாதைக்கு மேலேயே மிதக்கும். பொறுமையிழந்து மூக்கைத் தாழ்த்துவீர்கள், முன்சக்கரம் முதலில் மோதும், துள்ளும். துள்ளியபின் மறுபடி மூக்கைத் தாழ்த்தாதீர்கள், அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். முழு விசை கொடுத்து மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். இறங்கும் வேகத்துக்குத் தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 65 நாட் என்றால் நிமிடத்துக்கு 325 அடி, அதாவது மூன்று டிகிரிச் சரிவு.

ஸ்பிரிங் வைத்த ஜாய்ஸ்டிக்கில் டிரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை அதே நிலையில் நிறுத்தும் அமைப்பு) பலரைக் குழப்புகிறது. மூக்கை வேண்டிய நிலையில் பிடித்துக்கொண்டு, டிரிமைச் சிறிது சிறிதாகத் திருப்பியபடியே ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுக்கொண்டு வாருங்கள். சட்டென விட்டால் மூக்கு ஆடும்.

நண்பர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1996-ல் டைட்டோ வெளியிட்ட ‘டென்ஷா டெ கோ!’ ஆர்கேடில் நிஜ ரயிலின் பெரும்பகுதி கிடையாது. நேரத்துக்கு வந்து குறித்த கோட்டில் நிறுத்துவது மட்டும் இருந்தது. அது ஓட்டுநரின் அசல் வேலைதானே!

நீண்ட பயணத்தில் ஆட்டோபைலட் போட்டு நேரத்தை 4 மடங்கு ஓட்டலாம். இறங்கத் தொடங்குமுன் 1-க்குத் திரும்பிவிடுங்கள். 35,000 அடியிலிருந்து 5,000-க்கு, அதாவது 30 ஆயிரம் அடி இறங்க, 30-ஐ 3-ஆல் பெருக்கி 90 கடல் மைல் வேண்டும். 120 கடல் மைல் இருக்கும்போதே நேர ஓட்டத்தை 1-க்குக் குறைத்துவிட்டால் பதறாமல் இறங்கலாம்.