அசையாமல் நின்றால் அமைதியா? குதிரை பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கடிவாளம் பூட்டியதும் என் குதிரை வாயைத் திறந்து மென்றுகொண்டே இருந்தது. மூக்கைச் சுற்றிய வாரை இறுக்கிக் கட்டினேன். இப்போது அசையாமல் நிற்கிறது. பழகிவிட்டதா?

பதில்: இல்லை. வாரை இன்றே தளர்த்துங்கள். 2016-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 குதிரைகளுக்கு இந்த வாரை நான்கு விதமாகக் கட்டிப் பார்த்தார்கள்: கட்டாமல் விட்டது, இரண்டு விரல் இடைவெளி, ஒரு விரல், இடைவெளியே இல்லாதது. கடைசி நிலையில் இதயத்துடிப்பு கூடியது, கண்ணின் வெப்பம் ஏறியது, மெல்லுவதும் நக்குவதும் அனேகமாக நின்றே போயின. வாரை அவிழ்த்த பிறகு வழக்கத்தைவிட அதிகமாக விழுங்கின. அசையாமை அங்கே அமைதியின் அடையாளம் அல்ல.

இடைவெளியை மூக்கெலும்பின் நடுமேட்டில் இரண்டு விரல் நுழைத்துப் பாருங்கள். கன்னப் பக்கம் சதை இருப்பதால் இறுகிய வார்கூடத் தளர்வாகத் தெரியும். மெல்லுவதற்குக் காரணம் வாயிலேயே இருக்கலாம்: மேல் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கூர்மையாகி கன்னத்தைக் கிழிக்கும். கால்நடை மருத்துவரிடம் பல்லைக் காட்டி அராவிவிடுங்கள்.

குதிரை வருந்துகிறதா என்று அறிய நாடி பாருங்கள்; அது எளிது. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் தமனியை இரு விரலால் மெதுவாக அழுத்தி, 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். முகத்தையும் பாருங்கள்: காது பின்னோக்கி விறைத்து, நாசித்துளை இறுகி, கண்ணுக்கு மேல் எலும்பு எடுப்பாகத் தெரிந்தால் வலி இருக்கக்கூடும்.

கேள்வி: பின்னால் போகச் சொல்லி லகானை இழுத்தால் தலையைத் தூக்குகிறது. அடித்தால் படியுமா?

பதில்: அடிக்காதீர்கள். குதிரை கற்பது நீங்கள் இழுப்பதிலிருந்து அல்ல, விடுவதிலிருந்து. தலையைத் தூக்கியதும் கை தளர்ந்தால், 'தலை தூக்கினால் விடுதலை' என்பதுதான் பாடம். இலேசாக அழுத்தம் கொடுங்கள். தலை தூக்கினாலும் அதே அளவில் பிடித்திருங்கள். முன்னங்கால் ஒரு காலடி பின்னால் நகர்ந்த அந்த நொடியே விட்டுவிடுங்கள். முதல் நாள் ஒரே ஒரு காலடி பின்வாங்கினால் போதும். ஓரிரு விநாடி தாமதித்தாலும் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்ததோடுதான் அந்த விடுதலையைக் குதிரை முடிச்சுப்போடும். மிரண்ட குதிரைக்கு எதுவும் ஏறாது. மிரட்டும் பொருளிலிருந்து விலக்கி நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: கணக்குப் போட்ட ஜெர்மன் குதிரை உண்மையா?

பதில்: ஹான்ஸ் பெர்லினில் குளம்பால் தட்டி விடை சொன்னது உண்மைதான். கேட்பவருக்கே விடை தெரியாதபோது தவறியதை உளவியலாளர் ஆஸ்கர் பூங்ஸ்ட் கண்டறிந்து 1907-இல் வெளியிட்டார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இலேசாக நிமிரும். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. கணக்கு தெரியாவிட்டாலும் மனித உடலை வாசிக்கத் தெரிந்திருந்தது.

தன் விருப்பத்தைச் சொல்லவும் குதிரையால் முடியும். நார்வேயில் 23 குதிரைகள் பலகைக் குறிகளைத் தொட்டுப் போர்வை வேண்டும், வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்று சொல்லக் கற்றன. மழையும் குளிருமான நாள்களில் போர்வை கேட்டன; வெயிலில் கழற்றச் சொல்லின.