சர்க்கரை எலியின் பிளேட்லெட்: மெஷினுக்கு முன்னால் ஊசியைப் பாருங்கள்

கேள்வி: இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் மருந்தைக் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவைத்த எலிகளில், தூண்டும் பொருளான ஏடிபி (ADP) சேர்த்தால் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) அதிகமாகத் திரள்கிறது. ஆனால் வாலை வெட்டி ரத்தக்கசிவு நேரம் பார்த்தால் வித்தியாசமே இல்லை. எதை நம்புவது?

இரண்டும் அளப்பது வேறு வேறு விஷயம், அதனால் முரண்பாடு என்று பதற வேண்டாம். திரள்வதை அளக்கும் அக்ரிகோமீட்டர் மெஷினில் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் மட்டும்தான் இருக்கின்றன, ரத்தக்குழாயின் சுவர் அங்கே இல்லை. வாலிலோ குழாய் சுருங்குவது, சூடு, எந்த இடத்தில் வெட்டினீர்கள் என்பது எல்லாம் சேர்ந்துகொள்ளும். சர்க்கரை எலி மெலிந்துபோகும், வாலும் மெலியும். எனவே நுனியிலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று வெட்டாமல் ஒரே விட்டமுள்ள இடமாகப் பார்த்து வெட்டி, வாலை 37 டிகிரி உப்புக்கரைசலில் வையுங்கள். அப்படிச் செய்தாலும், நல்ல எலிக்கே கசிவு சீக்கிரம் நின்றுவிடுவதால் அதற்குக் கீழே குறைய அதிக இடமில்லை. உறைதல் குறைவதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை, கூடுவதைக் காட்ட மோசமான சோதனை.

எனக்கு முதல் சந்தேகம் ரத்தம் எடுத்த விதத்தின் மேல்தான். ஊசி திசுவுக்குள் அலைந்தால் உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக்காரணி கலந்து, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் வேலை செய்வதற்குள்ளேயே பிளேட்லெட்டைத் தூண்டும் த்ராம்பின் உருவாகி, பிளேட்லெட் பாதி விழித்துக்கொண்டுதான் குழாய்க்கு வரும். மயக்கத்தில் வயிற்றைத் திறந்து பெருஞ்சிரையில், ஒரே குத்தில், அகலமான ஊசியால் மெதுவாக இழுங்கள். 3.2 சதவீத சிட்ரேட் சிரிஞ்சிலேயே இருக்கட்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. நூல் மாதிரி ஒரு சின்னக் கட்டி தெரிந்தாலும் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள், எத்தனை ஆசையாக இருந்தாலும். சர்க்கரை எலி நிறைய சிறுநீர் கழித்து நீர் வற்றியிருந்தால் ஹீமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறி, பிளாஸ்மாவில் சிட்ரேட் மிஞ்சிப்போய்த் திரள்வது குறைவாகத் தெரியும். அதையும் அளந்து எழுதுங்கள். பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம், குளிர் பட்டாலே உருமாறிவிடும்.

சரி, எல்லாம் சுத்தமாகச் செய்தும் ஏடிபி விளைவு நிற்கிறதா? அப்புறம் இன்சுலின் கொடுத்த ஒரு குழு கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரெப்டோசோடோசின் பீட்டா செல்லோடு நிற்காது, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். இன்சுலினால் திரள்வது இறங்கினால், காரணம் மருந்தின் நச்சு அல்ல, இன்சுலின் இல்லாததும் அதனால் ஏறிய சர்க்கரையும்தான் என்று தைரியமாக எழுதலாம்.

இன்னொன்று: மனிதப் பிளேட்லெட்டில் த்ராம்பினை உணரும் பார்-1 (PAR-1) ஏற்பியைத் தூண்டும் பெப்டைடை எலியில் போட்டு எதுவும் நடக்கவில்லை என்று குழம்பாதீர்கள். எலிப் பிளேட்லெட்டில் அந்த ஏற்பி வேலை செய்வதில்லை, பார்-4 பெப்டைடை வாங்குங்கள்.