பருப்பு வேகாததற்குக் காரணம் உங்கள் கை அல்ல

கேள்வி: கல்யாணமாகி கும்பகோணத்திலிருந்து பெங்களூரு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒயிட்ஃபீல்டு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஊரில் மூன்று விசிலில் குழைந்துவிடும் துவரம்பருப்பு, இங்கே ஏழு விசில் வைத்தாலும் முழுசு முழுசாக நிற்கிறது. சாம்பாரில் பருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். டிசம்பரிலிருந்து இட்லி மாவும் பொங்குவதில்லை. போன வாரம் வந்திருந்த மாமியார், "உனக்கு இன்னும் கைப்பக்குவம் வரலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் என்ன தப்பு செய்கிறேன்?
- வாசகி, பெங்களூரு

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தப்பு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. உங்கள் மாமியாரே அந்த அடுப்பில், அந்தத் தண்ணீரில் பருப்பு வைத்தாலும் இப்படித்தான் நின்றிருக்கும். மாறியது ஊர். அதற்கேற்ப இரண்டு மூன்று பழக்கங்களை மாற்றினால் போதும்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் இங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் வைக்கும் சாதமும் காயும் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்பது இதனால்தான். குக்கருக்குள் கதை வேறு. அங்கே வெப்பம் 120 டிகிரியை ஒட்டிப் போய்விடும்; ஊரின் உயரத்தால் ஓரிரு டிகிரிதான் குறையும். ஆகவே குக்கரிலும் பருப்பு மசியவில்லை என்றால் உயரத்தின் மேல் பழி போட முடியாது. தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்துக் குடியிருப்புகள் பலவும் போர்வெல் தண்ணீரையும் டேங்கர் லாரித் தண்ணீரையும் நம்பி வளர்ந்தவை. ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிய பிறகு புறநகருக்கும் ஆற்றுத் தண்ணீர் வருகிறது என்றாலும், பல இடங்களில் கீழ்த்தொட்டியில் இரண்டும் கலந்துதான் மேலே ஏறுகிறது. போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் அந்தப் பெக்டினை இறுக்கிவிடுகிறது. பிறகு எத்தனை விசில் விட்டும் கேஸ்தான் வீண்.

இதை நீங்களே சோதித்துவிடலாம். இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒரே அளவு பருப்பு போடுங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். இரண்டையும் ஒரே குக்கரில் வையுங்கள். நல்ல தண்ணீரில் வெந்தது மசிந்து, மற்றது நின்றால் விடை கிடைத்துவிட்டது. இனி பருப்பைக் கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர். அரை மணி ஊறவும் வேகவும் குடிக்கிற தண்ணீர். ஒரு வேளைச் சமையலுக்கு மூன்று டம்ளர் செலவாகும், அவ்வளவுதான். அந்தச் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டு கிண்ணமும் வேகவில்லையா? பருப்பு பழசு. சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் சண்டித்தனம் செய்யும். பாக்கெட்டில் பேக்கிங் தேதி பார்த்து, அரைக் கிலோவாக வாங்குங்கள்.

தக்காளியைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடும் வழக்கம் இருந்தால் இப்போதைக்கு நிறுத்துங்கள். புளிப்பு எதுவானாலும் வேகுவதைத் தாமதப்படுத்தும். சாம்பாருக்கு முதலில் காய் உப்புத் தண்ணீரில் முக்கால் பதம் வேகட்டும், அப்புறம் புளிக்கரைசல், அது பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு மசித்த பருப்பு. முள்ளங்கி, கேரட் போன்ற கெட்டியான காய்களுக்கு இந்த வரிசை ரொம்ப முக்கியம். இன்னொன்று, இங்கே சந்தையில் "நாட்டி" என்று கேட்டு வாங்கும் தக்காளி, நீள உருண்டைத் தக்காளியைவிட நல்ல புளிப்பு. அதைப் போடும் நாளில் புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பு வேக ஆப்ப சோடா போடச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள். பருப்பு சீக்கிரம் குழையும் என்பது உண்மைதான். ஆனால் பி1 வைட்டமின் அழியும், கை கொஞ்சம் கூடினால் சோப்பு வாடையும் வரும். தினசரிச் சமையலில் எனக்கு அது பிடிக்காது. கொண்டைக்கடலைக்கு வேறு நல்ல வழி இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்பு கரைத்து, அதில் இரவு முழுவதும் ஊறவையுங்கள். உப்பிலுள்ள சோடியம் தோலிலிருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடிப்பதால் தோல் மெத்தென்று வேகும். காலையில் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள்.

சரி, மாவுக்கு வருவோம். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 32 டிகிரி வரை சௌகரியம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூரு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். கும்பகோணத்துக் கணக்கில் இரவு எட்டு மணிக்கு மூடிவைத்து, காலை ஆறு மணிக்குத் திறந்து பார்த்து வருத்தப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் பதினான்கு, பதினாறு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தை நம்பாமல் மாவைப் பாருங்கள்: மேலே எழும்பி, உள்ளே சின்னச் சின்னக் குமிழ் தெரிந்து, லேசான புளிப்பு வாசனை வந்தால் தயார்.

அரிசியையும் உளுந்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, அரைக்கும்போதும் அதையே ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றி அரைப்பது வெயில் ஊர் வழக்கம். இந்தக் குளிருக்கு வேண்டாம். உப்பு நொதிப்பை மெதுவாக்கும், அதனால் இந்த மாதங்களில் மாவு பொங்கிய பிறகு சேர்த்துக் கலக்கலாம். வீட்டில் விளக்குள்ள ஓவன் இருந்தால், அதைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். இல்லையென்றால் ஒரு பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, கனமான துண்டால் போர்த்துங்கள். படுக்கப்போகும் முன் ஒருமுறை வெந்நீரை மாற்றினால் காலை இட்லிக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் மத்தியானமே அரைத்துவிடுவதுதான் நிம்மதி. தயிருக்கும் இதே போர்வை உதவும்.

உங்கள் மாமியாரிடம் இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு கிண்ணச் சோதனையை அவர் அடுத்த முறை வரும்போது அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஊரிலிருந்து அவர் கொண்டுவரும் பருப்பையே போடட்டும். அன்றைக்குக் காபி டிகாக்‌ஷனையும் குடிக்கிற தண்ணீரில் இறக்குங்கள்.