தீவனத் திருகில் பாதி வழியில் அடைப்பு

கேள்வி: முட்டைக்கோழிப் பண்ணைக்குச் சொந்தமாகத் தீவனம் அரைக்கிறோம். மிக்சரிலிருந்து மேல் தொட்டிக்கு ஏற்ற 6 அங்குல ஸ்க்ரூ கன்வேயர் (திருகு சுழன்று சரக்கைத் தள்ளும் ஏற்றி) இருக்கிறது. யு வடிவத் தொட்டி, 14 அடி நீளம், 35 டிகிரி சாய்வு. முழு மக்காச்சோளம் ஏறுகிறது. அரைத்த தீவனம் பாதி வழியில் அடைத்து, 2 ஹெச்.பி. மோட்டார் டிரிப் ஆகிறது. 3 ஹெச்.பி. மாட்டலாமா?
– நாமக்கல் பண்ணையாளர்

பதில்: மாட்டாதீர்கள். இப்போது டிரிப் ஆகி நிற்பது, பெரிய மோட்டார் வந்தால் கப்ளிங் போல்ட்டை வெட்டும், அல்லது தண்டையே முறுக்கும்.

பாதி வழியில் என்று நீங்கள் சொன்னதுதான் துப்பு. மூடியைக் கழற்றினால் அநேகமாக அந்த இடத்தில் தண்டை நடுவில் தாங்கும் ஹேங்கர் பேரிங் தொங்கும். அங்கே திருகின் இலை, அதாவது தண்டைச் சுற்றி ஓடும் தகடு, தொடர்ச்சியில்லாமல் விட்டிருக்கும். பின்னால் வரும் சரக்கு தள்ளினால்தான் முன்னால் இருப்பது நகரும். மக்காச்சோளம் உருண்டு போய்விடும். எண்ணெயும் தவிடும் கலந்த மாவு பேரிங்கைச் சுற்றிக் கெட்டிப்பட்டு, கட்டையாக நிற்கும்.

இரண்டாவது கோளாறு சாய்வு. யு தொட்டியில் திருகுக்கு மேலே வெற்றிடம் உண்டு. படுக்கையாக ஓட்டும்போது அது தொல்லை தராது. சாய்த்தால் மாவு தண்டைத் தாண்டி வழிந்து, முந்தைய பிட்சுக்கே (ஒரு சுற்று இலைக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள இடைவெளி) திரும்பும். 15 டிகிரியிலேயே ஏற்றும் அளவு ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும். 25ஐத் தாண்டினால் பாதிகூடத் தேறாது.

ஆகவே தொட்டியை மாற்றி வட்டக் குழாய் போடுங்கள். 6 அங்குலத் திருகுக்குப் பிட்ச் 6 அங்குலம் என்பது படுக்கைக்கான கணக்கு. உங்கள் சாய்வுக்கு 4 அல்லது 3 அங்குலம் வேண்டும். ஹேங்கர் இல்லாமல் 14 அடியும் ஒரே தண்டாக, கனமான பைப்பில் செய்யச் சொல்லுங்கள். மோட்டாரை மேல் முனையில் வைத்தால் தண்டு இழுவிசையில் ஓடும், வளையாது.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழுப் பிட்ச் 6 அங்குலத் திருகு படுக்கையாக, நிமிடத்துக்கு 100 சுற்றில், 30 சதவீதம் நிரம்பி ஓடினால் மணிக்குச் சுமார் 4 கன மீட்டர், அதாவது அரைத்த தீவனம் இரண்டரை டன் நகர்த்தும். சாய்வில் அதில் பாதிக்கும் குறைவு. அது போதாதென்றால் பெல்ட்டில் கோர்த்த வாளிகள் சரக்கை மேலே தூக்கும் பக்கெட் எலிவேட்டருக்குப் போவதே மேல்.

மிக்சர் கதவை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். சறுக்குக் கதவு வைத்து அளந்து விடுங்கள். முதலில் திருகை ஓட்டி, பிறகு சரக்கு. நிறுத்தும்போது கதவை மூடி, காலியாகும்வரை ஓட்டி நிறுத்த வேண்டும். வயரிங் வேலை நடந்தால் சுழலும் திசையைச் சரிபாருங்கள். மின்சாரத்தின் பேஸ் வரிசை மாறினால் திருகு எதிர்த்திசையில் சுழன்று, சரக்கெல்லாம் அடிமுனையில் போய் இறுகிவிடும்.

எல்லாச் சரக்குக்கும் ஒரே திருகு ஒத்துவராது. கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல் இலையைத் தேய்ப்பவை. தடித்த இலை, குறைந்த வேகம் தேவை. வெல்லப்பாகு சேர்ந்த கலவைக்குத் தண்டை ஒட்டாத ரிப்பன் இலை. ஈர எருவுக்குத் தண்டே இல்லாத திருகு. விதை நெல்லைத் திருகில் விடவே வேண்டாம், முளை அடிபடும்.

இலைக்கும் குழாய்க்கும் இடையே எப்போதும் ஒரு மெல்லிய படிவு தங்கும். மழைக்காலத்தில் அதில் பூஞ்சை பிடித்து, புதுத் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு கலந்துவிடும். கீழ் முனையில் திறப்புக் கதவு வைத்து வாரம் ஒருமுறை சுரண்டி எடுங்கள். அதற்கு முன் மெயினை இறக்கி, ஃபியூஸைக் கழற்றி உங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.